பண்பாட்டு மீட்பு நிதி (ஐக்கிய இராச்சியம், 2020)

பண்பாட்டு மீட்பு நிதி என்பது, கொரோனா பெருந்தொற்றால் மூடப்பட்ட நாடக அரங்குகள், இசை அரங்குகள், நடனக் குழுக்கள், அருங்காட்சியகங்கள், திரையரங்குகள் முதலியவை நொடித்துப் போகாமல் காப்பதற்காக ஐக்கிய இராச்சிய அரசு 2020 ஜூலை 5 அன்று அறிவித்த அவசரகால நிதித் திட்டம் ஆகும். ஆங்கிலத்தில் இதனைக் 'கல்ச்சர் ரெக்கவரி ஃபண்ட்' என்பர். அறிவிக்கப்பட்டபோது இதன் மதிப்பு 157 கோடி பவுண்டு. பண்பாட்டுத் துறைக்கு ஒரே முறையில் ஒதுக்கப்பட்ட மிகப் பெரிய தொகை இதுவே என்று அந்நாட்டு அரசு கூறிக்கொண்டது.

அருங்காட்சியகம், பாரம்பரியக் கட்டடம் போன்றவற்றுக்கும் இந்நிதி சென்றது என்றாலும், இக்கட்டுரை நாடகம், இசை, நடனம் ஆகிய நிகழ்த்துகலைகளையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. தொகை பெரியது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அது யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதில்தான் சர்ச்சை எழுந்தது.

அரங்குகள் மூடப்பட்ட விதம்

2020 மார்ச் 16 மாலை பிரதமர் போரிஸ் ஜான்சன், மதுக்கூடங்களுக்கும் நாடக அரங்குகளுக்கும் செல்வதைத் தவிர்க்குமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். அன்று இரவே இலண்டன் 'வெஸ்ட் எண்ட்' பகுதியின் அரங்குகள் மூடப்பட்டன. சீட்டு வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தவர்கள் திரும்பிப் போனார்கள்.

இங்கே ஒரு நுட்பமான சிக்கல் இருந்தது. அன்று பிரதமர் சொன்னது அறிவுரை. மூடும் ஆணை அன்று. ஆணை மார்ச் 20 அன்றுதான் வந்தது. 'அரசு உங்களை மூடச் சொல்லவில்லையே, நீங்களாகவே அல்லவா மூடினீர்கள்' என்று காப்பீட்டு நிறுவனங்கள் இழப்பீட்டை மறுத்துவிடுமோ என்ற கலக்கம் அந்த நான்கு நாட்களில் அரங்க உரிமையாளர்களிடையே பரவியது. ஆணை வந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. புதிதாகத் தோன்றிய ஒரு தொற்றால் தொழில் முடங்கினால் ஈடு தரும்படியான காப்பீடு பெரும்பாலோரிடம் இல்லை.

மார்ச் 24 அன்று 'ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து' என்னும் கலை மன்றம் 16 கோடி பவுண்டு அவசர உதவியை அறிவித்தது. அதில் 9 கோடி, மன்றத்தின் தொடர் நல்கையைப் பெற்றுவரும் அமைப்புகளுக்கு; 5 கோடி, அந்தப் பட்டியலுக்கு வெளியே உள்ள அமைப்புகளுக்கு; எஞ்சிய 2 கோடி தனிக் கலைஞர்களுக்கு. தனிக் கலைஞர் ஒருவர் அதிகபட்சம் 2,500 பவுண்டு பெறலாம். இந்தப் பங்கீட்டின் விகிதத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னர் நடந்தவற்றுக்கு இது ஒரு முன்னோட்டம் போல அமைந்துவிட்டது.

ஊழியர்களுக்கு 'ஃபர்லோ' எனப்பட்ட பொதுத் திட்டம் கைகொடுத்தது. வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் ஊழியரின் ஊதியத்தில் 80 விழுக்காட்டை, மாதம் 2,500 பவுண்டு என்ற உச்சவரம்புக்குள் அரசே ஏற்றது. ஆனால் கட்டடப் பராமரிப்பு, காப்பீட்டுத் தவணை, கடன் வட்டி ஆகியவற்றுக்கு ஃபர்லோவில் இடமில்லை.

அரங்கு ஏன் இவ்வளவு விரைவில் ஆட்டங்கண்டது

கடையில் இன்று விற்காத துணியை நாளை விற்கலாம். அரங்கில் இன்றிரவு காலியாகக் கிடந்த இருக்கையை நாளை விற்க முடியாது. அந்த வருமானம் போனது போனதுதான். இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் முன்பதிவு. பல அரங்குகள் அடுத்த சில மாதங்களின் நிகழ்ச்சிகளுக்கு முன்கூட்டியே சீட்டு விற்று, அந்தப் பணத்தையே நடைமுறைச் செலவுக்குப் பயன்படுத்தி வந்தன. நிகழ்ச்சிகள் ரத்தானதும் அதைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. வரவு நின்றதோடு, வந்ததும் வெளியே போனது.

மூன்றாவது காரணம், கலைத்தொழிலின் இயல்பிலேயே உள்ளது. பொருளியல் அறிஞர்கள் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் இருவரும் 1966-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இதைத் தெளிவாக்கினார்கள். தொழிற்சாலையில் இயந்திரங்கள் வந்து ஆள் செலவைக் குறைத்துவிட்டன. ஆனால் நால்வர் வாசிக்க வேண்டிய இசையை இன்றும் நால்வர்தான் வாசிக்க வேண்டும். அரை மணி நேரப் பாட்டை வேகமாக வாசித்துப் பத்து நிமிடத்தில் முடிக்க முடியாது. மற்றத் தொழில்களில் ஊதியம் உயர உயர, இங்கேயும் ஊதியம் உயர்த்தத்தான் வேண்டும். ஆனால் உற்பத்தி கூடாது. எனவே நல்ல காலத்திலேயே அரங்குகளிடம் பெரிய சேமிப்பு இருப்பதில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. பிரிட்டனில் அரசு நல்கையைச் சார்ந்திராமல் சொந்தக் காலில் நிற்பது ஒரு பெருமையாகவே பேசப்பட்டு வந்தது. ஷேக்ஸ்பியர்ஸ் குளோப் அரங்கும் ராயல் ஆல்பர்ட் ஹாலும் தொடர் நல்கை எதுவும் பெறாதவை. சீட்டு விற்பனை, சுற்றுலா, உணவகம், நன்கொடை ஆகியவற்றாலேயே அவை நடந்தன. கதவு மூடியதும் முதலில் அபாயக் குரல் எழுப்பியவை இவையே. நிதியுதவி கிடைக்காவிட்டால் தாக்குப்பிடிக்க முடியாது என்று குளோப் 2020 மே மாதமே நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதியது. ஜெர்மனியின் பொது அரங்குகள் தம் செலவில் பெரும்பகுதியை மாநில, நகராட்சி நிதியிலிருந்து பெறுபவை. அவை சீட்டு விற்பனை நின்றபோதும் இந்த அளவுக்குத் தடுமாறவில்லை. யாருடைய நிர்வாகம் திறமையானது என்ற கேள்விக்கு, சாதாரண ஆண்டுகளை மட்டும் வைத்து விடை சொல்லிவிட முடியாது என்று தோன்றுகிறது.

சவுத்தாம்ப்டன் நகரின் நஃபீல்ட் அரங்க நிறுவனம் 2020 மே மாதம் திவால் நடவடிக்கைக்குள் சென்றது. அதை எடுத்து நடத்த யாரும் கிடைக்காததால் ஜூலைத் தொடக்கத்தில் நிரந்தரமாக மூடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. பண்பாட்டு மீட்பு நிதி அதற்குச் சில நாட்கள் கழித்தே வந்தது.

திட்டத்தின் அமைப்பு

நிதியமைச்சர் ரிஷி சுனக், பண்பாட்டு அமைச்சர் ஆலிவர் டவுடன் ஆகியோரின் காலத்தில் அறிவிக்கப்பட்ட இந்நிதியில் 115 கோடி பவுண்டு இங்கிலாந்தில் உள்ள பண்பாட்டு அமைப்புகளுக்கு ஒதுக்கப்பட்டது. அதில் 88 கோடி திருப்பித் தர வேண்டாத நல்கை. 27 கோடி திருப்பித் தர வேண்டிய கடன். தேசிய நிறுவனங்களுக்கு 10 கோடி, பாதியில் நின்ற பண்பாட்டுக் கட்டுமானப் பணிகளுக்கு 12 கோடி எனத் தனி ஒதுக்கீடுகளும் இருந்தன. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்கு 18.8 கோடி சென்றது. இந்த மூன்று பகுதிகளிலும் கலை, பண்பாடு அந்தந்தப் பகுதி அரசுகளின் பொறுப்பு என்பதால், அந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதை அவையே முடிவு செய்தன.

இங்கிலாந்தில் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பொறுப்பு நான்கு அமைப்புகளிடம் தரப்பட்டது. நாடகம், இசை, நடனம் ஆகியவை ஆர்ட்ஸ் கவுன்சில் வசம். திரைப்படத்துக்குப் பிரிட்டிஷ் திரைப்படக் கழகமும், பாரம்பரியத்துக்கு ஹிஸ்டாரிக் இங்கிலாந்து, தேசிய லாட்டரி பாரம்பரிய நிதியம் ஆகிய இரண்டும் பொறுப்பு. இவற்றுக்கு மேல் டேமன் பஃபினி தலைமையில் ஒரு வாரியம் இருந்தது. முதலீட்டுத் துறையிலிருந்து வந்த இவர், இலண்டன் தேசிய நாடக அரங்கின் நிர்வாகக் குழுத் தலைவராகவும் இருந்தவர்.

நல்கை கேட்கும் அமைப்பு பெருந்தொற்றுக்கு முன் நிதி நிலையில் திடமாக இருந்திருக்க வேண்டும். உதவி இல்லாவிட்டால் 2021 மார்ச் 31-க்குள் நடத்த முடியாத நிலைக்குப் போய்விடும் என்று காட்ட வேண்டும். சொந்தச் சேமிப்பு உட்பட வேறு வழிகளை முயன்றிருக்க வேண்டும். பண்பாட்டு முக்கியத்துவமும் இருக்க வேண்டும். முதல் இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துப் பார்த்தால் விண்ணப்பம் எழுதுபவரின் சங்கடம் புரியும். 'நேற்று வரை நன்றாக இருந்தேன், நாளைக்கு விழுந்துவிடுவேன்' என்று ஒரே தாளில் இரண்டையும் மெய்ப்பிக்க வேண்டும். குறைந்தபட்ச நல்கை 50,000 பவுண்டு. உச்சம் 30 இலட்சம்.

இதற்கெல்லாம் முன்பாக, உடனே மூழ்கும் நிலையில் இருந்த சிறிய இசைக்கூடங்களுக்கென 33.6 இலட்சம் பவுண்டு தனியே எடுத்து, ஆகஸ்ட் மாதத்தில் 135 கூடங்களுக்குப் பிரித்துத் தரப்பட்டது. மொத்தத் தொகையோடு ஒப்பிட்டால் இது சிறு துளி. ஆயினும் இளம் இசைக்குழுக்கள் முதன்முதலில் மேடையேறும் இடங்கள் இவையே. விரைவில் கைக்கு வந்த பணமும் இதுதான்.

பணம் சென்ற வழி

முதல் பெரும் பட்டியல் 2020 அக்டோபர் 12 அன்று வெளியானது: 1,385 அமைப்புகளுக்கு 25.7 கோடி பவுண்டு. பீட்டில்ஸ் குழு தொடக்க நாட்களில் வாசித்த லிவர்பூல் கேவர்ன் கிளப், இலண்டன் சிம்பொனி இசைக்குழு போன்றவை அதில் இருந்தன. அதே மாதத்தில் அடுத்தடுத்த பட்டியல்கள் வந்தன. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நல்கைகள் 35 அமைப்புகளுக்குத் தரப்பட்டபோது ஓல்ட் விக் அரங்கு 30 இலட்சமும், குளோப் ஏறத்தாழ அதே அளவும் பெற்றன.

இலாப நோக்குள்ள நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம் என்பது புதுமை. 'மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட்' என்ற புகழ்பெற்ற இலண்டன் இரவு விடுதிக்கு ஏறத்தாழ 9.75 இலட்சம் பவுண்டு கிடைத்தபோது பலர் புருவம் உயர்த்தினர். ஆனால் நடன இசை பண்பாடு இல்லையா, சிம்பொனி மட்டும்தான் பண்பாடா என்று மறுபுறம் கேட்டவர்களும் இருந்தார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு.

பணத்தோடு ஒரு வேண்டுகோளும் வந்தது. நல்கை பெற்றவர்கள் சமூக ஊடகங்களில் அதை வரவேற்று, 'ஹியர் ஃபார் கல்ச்சர்' என்ற அரசுப் பரப்புரையின் குறிச்சொல்லோடு எழுத வேண்டும். எனவே அக்டோபர் 12 அன்று நூற்றுக்கணக்கான அரங்குகளிடமிருந்து ஒரே மாதிரியான நன்றி அறிவிப்புகள் வரிசையாக வந்தன. அதே நாளில்தான் அரசு ஆதரவு பெற்ற ஒரு விளம்பரமும் இணையத்தில் பரவியது. பாலே நடனக் காலணியின் நாடாவைக் கட்டிக்கொண்டிருக்கும் ஓர் இளம்பெண்ணின் படம்; அவருடைய அடுத்த வேலை கணினிப் பாதுகாப்புத் துறையில் இருக்கலாம், அது அவருக்கே இன்னும் தெரியாது என்ற பொருளில் ஒரு வாசகம். அந்த விளம்பரம் பெருந்தொற்றுக்கு முன்பே தொடங்கிய ஒரு பயிற்சித் திட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் ஏழு மாதமாக மேடை ஏறாதவர்களுக்கு அந்த விளக்கம் எடுபடவில்லை. அமைச்சர் டவுடனே அதை நயமற்றது என்று கண்டிக்க, விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது.

கடனாகத் தரப்பட்ட பகுதி டிசம்பரில் வந்தது. ராயல் ஓப்பரா ஹவுஸ், ராயல் ஆல்பர்ட் ஹால், தேசிய நாடக அரங்கு, ராயல் ஷேக்ஸ்பியர் நிறுவனம் ஆகிய நான்கு பெரிய நிறுவனங்களுக்கும் தலா இரண்டு கோடி பவுண்டு அளவில் கடன். வட்டி 2 விழுக்காடு. தொடக்கத்தில் நான்கு ஆண்டுகள் வரை தவணை கட்ட வேண்டாம். முழுதும் தீர்க்க 20 ஆண்டுகள் வரை அவகாசம். தாராளமான நிபந்தனைகள்தாம். என்றாலும் கடன் கடனே. திரும்பத் திறந்த பிறகு பல ஆண்டுகள், எந்த நாடகத்தை மேடையேற்றலாம் என்று தீர்மானிக்கும்போது கடன் தவணையும் மேசையில் உட்கார்ந்திருக்கும். ராயல் ஓப்பரா ஹவுஸ் அதற்குள் தன்னிடமிருந்த ஓர் அரிய ஓவியத்தை விற்றுவிட்டிருந்தது. தன் முன்னாள் தலைமை நிர்வாகி டேவிட் வெப்ஸ்டரை டேவிட் ஹாக்னி வரைந்த அந்த உருவப்படம் அக்டோபர் ஏலத்தில் 1.28 கோடி பவுண்டுக்குப் போனது.

இடைவெளியில் விழுந்தவர்கள்

பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போட்டுப் பார்த்தவர்களுக்குக்கூடத் தெரியும்: மேடையில் ஒருவர் நின்றால் திரைக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். பிரிட்டன் நாடகத் துறையில் இந்தப் பத்துப் பேரில் பெரும்பாலோரும், மேடையில் நிற்பவரும் எந்த அரங்கின் ஊழியர்ப் பட்டியலிலும் இல்லாதவர்கள். நடிகர், இயக்குநர், ஒளியமைப்பாளர், உடை வடிவமைப்பாளர், மேடை மேலாளர் எனப் பலரும் ஒவ்வொரு தயாரிப்புக்கும் தனித்தனியே ஒப்பந்தமாகும் சுயதொழில் கலைஞர்கள்.

இவர்களுக்கு அரசு சுயதொழில் வருமான உதவி ஒன்றை வைத்திருந்தது. முந்தைய ஆண்டுகளின் சராசரி இலாபத்தில் 80 விழுக்காடு என்பது அதன் முதல் தவணை. நிபந்தனைகள்தாம் சிக்கலாயின. மொத்த வருமானத்தில் பாதிக்குமேல் சுயதொழிலிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆண்டு இலாபம் 50,000 பவுண்டைத் தாண்டியிருக்கக் கூடாது. 2018-19 நிதியாண்டுக்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்திருக்க வேண்டும்.

ஓர் இளம் நடிகையைக் கற்பனை செய்து பார்ப்போம். 2019 கோடையில் பயிற்சிப் பள்ளியிலிருந்து வெளிவந்தவர். ஆறு மாதம் நடித்திருக்கிறார். 2018-19 கணக்கு அவரிடம் இல்லை, உதவியும் இல்லை. இன்னொருவர் பத்தாண்டு அனுபவமுள்ள ஒளியமைப்பாளர். வாரத்தில் மூன்று நாள் ஒரு கல்லூரியில் ஊதியத்துக்குப் பாடம் எடுக்கிறார். அந்த ஊதியம் பாதியைச் சற்றே தாண்டுகிறது. அவருக்கும் இல்லை. வேறொருவர், இத்துறையில் பலரும் செய்வது போல, தன் பெயரில் ஒரு சிறு நிறுவனத்தைப் பதிவு செய்து பங்காதாயமாகப் பணம் எடுப்பவர். அவருக்கும் இல்லை. நான்காவது ஆள் குறுகிய கால ஒப்பந்தத்தில் ஊதியம் பெற்றவர்; ஒப்பந்தம் பிப்ரவரி நடுவில் முடிந்துவிட்டது. ஃபர்லோவில் சேர்க்க அவருக்கு முதலாளியே இல்லை.

பண்பாட்டு மீட்பு நிதியும் இவர்களுக்குத் திறக்கவில்லை. இங்கிலாந்தில் அமைப்புகள் மட்டுமே அதற்கு விண்ணப்பிக்க முடிந்தது. அரங்கு உயிரோடு இருந்தால்தான் கலைஞருக்கு வேலை இருக்கும் என்பது அரசின் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கட்டடம் கைமாறி அடுக்குமாடிக் குடியிருப்பாகிவிட்டால் பிறகு கலைஞருக்கு மேடை ஏது? நடைமுறைக் காரணமும் இருந்தது. சில ஆயிரம் அமைப்புகளின் கணக்கை ஒரு கலை மன்றத்தால் பார்க்க முடியும். இலட்சக்கணக்கான தனிமனிதர்களின் வருமானத்தை அதனால் சரிபார்க்க முடியாது. வருமான வரித் துறைக்குத் தனிமனிதர்களைத் தெரியும்; ஆனால் கலைத்தொழில் எப்படி நடக்கிறது என்பது தெரியாது. இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே ஒரு பள்ளம். அதில் விழுந்தவர்களே மேலே சொன்ன நால்வரும்.

மேலும், பணம் அரங்குக்குப் போனால் அங்கிருந்து கலைஞருக்கு வழிந்து வரும் என்ற எதிர்பார்ப்பு, அரங்கு திறந்திருந்தால்தான் பலிக்கும். மூடிய அரங்கு ஒளியமைப்பாளரை அழைப்பதில்லை. தற்காலிக ஊழியர்கள் நிலையும் அப்படியே. நிதி அறிவிக்கப்பட்ட அதே ஜூலை மாதத்தில் தேசிய நாடக அரங்கு சுமார் 400 தற்காலிக ஊழியர்களை விடுவிக்க வேண்டியிருப்பதாகத் தெரிவித்தது.

வேல்ஸ் வேறு வழியில் போனது. அங்கே பகுதி அரசு தனக்கு வந்த பணத்திலிருந்து 70 இலட்சம் பவுண்டை எடுத்து வைத்து, சுயதொழில் கலைஞர்களுக்குத் தலா 2,500 பவுண்டு தந்தது. உள்ளாட்சி அமைப்புகள் வழியாக 2020 அக்டோபரில் விண்ணப்பங்கள் பெறப்பட்டன. இப்படிச் செய்ய முடியும் என்பதற்கு எல்லைக்கு அப்பாலேயே ஒரு சான்று இருந்தது.

இங்கிலாந்தில் கலைஞர்கள் தமக்குத் தாமே உதவிக்கொண்டார்கள். 'ஃப்ரீலான்சர்ஸ் மேக் தியேட்டர் வொர்க்' என்ற இயக்கம் உருவாயிற்று. நடிகையும் எழுத்தாளருமான ஃபீபி வாலர்-பிரிட்ஜ் முதலானோர் நாடகத் துறையினருக்காக நிதி திரட்டினர். இவை பாராட்டத்தக்கவை, ஆனால் ஓர் அரசின் கருவூலத்துக்கு ஈடாக முடியாதவை.

பழைய முன்மாதிரிகள்

கொள்ளைநோய்க் காலத்தில் நாடகக்காரர்களுக்கு அரசு பணம் தருவது பிரிட்டனுக்குப் புதிதன்று. 1603-இல் இலண்டனில் பிளேக் பரவி ஏறத்தாழ முப்பதாயிரம் பேரைக் கொன்றது. நாடக அரங்குகள் 1604 இளவேனில் வரை மூடிக் கிடந்தன. முதலாம் ஜேம்ஸ் மன்னரின் ஆதரவு பெற்றிருந்த 'கிங்ஸ் மென்' குழுவில் ஷேக்ஸ்பியர் ஒரு பங்குதாரர். ரிச்சர்ட் பர்பேஜ் முதன்மை நடிகர். 1604 பிப்ரவரியில் மன்னரின் கணக்கிலிருந்து பர்பேஜுக்கு 30 பவுண்டு வழங்கப்பட்டது. பிளேக் காரணமாகப் பொதுமக்கள் முன் நாடகம் நடத்தத் தடை இருப்பதால் அவரும் அவருடைய குழுவினரும் பிழைத்திருக்க மன்னர் தரும் கொடை என்று அரண்மனைக் கணக்கில் குறிக்கப்பட்டுள்ளது. 1609-இல் மற்றொரு தொற்றுக்குப் பின் அதே குழுவுக்கு 40 பவுண்டு கிடைத்தது. இம்முறை காரணம், மூடியிருந்த காலத்தில் அவர்கள் தனியே ஒத்திகை பார்த்து வந்தமை.

அந்தக் குழுவின் அரங்கின் பெயர் குளோப். 2020-இல் நல்கை பெற்ற ஷேக்ஸ்பியர்ஸ் குளோப், அதன் மாதிரியில் 1997-இல் திறக்கப்பட்டது. அன்றைய கொடையும் மன்னரின் பெயரைத் தாங்கிய ஒரே குழுவுக்குத்தான் தரப்பட்டது. நாள் கூலிக்கு நடித்தவர்கள் பெயரை அந்தக் கணக்கில் தேட முடியாது.

இரண்டாம் உலகப் போர் தொடங்கிய 1939 செப்டம்பரில் குண்டுவீச்சு அச்சத்தால் அரங்குகள் சிறிது காலம் மூடப்பட்டன. 1940-இல் ஒரு தனியார் அறக்கட்டளையின் 25,000 பவுண்டோடு இசை, கலை ஊக்குவிப்புக்கென ஒரு குழு தொடங்கப்பட்டது. அரசும் பணம் சேர்த்தது. 1942 முதல் பொருளியல் அறிஞர் ஜான் மேனார்ட் கெய்ன்ஸ் அதன் தலைவர். ஓல்ட் விக் நாடகக் குழு வேல்ஸ் நிலக்கரிச் சுரங்க ஊர்களுக்குச் சென்று நடித்தது இந்தத் திட்டத்தில்தான். போர் முடிந்ததும் அது 1946-இல் ஆர்ட்ஸ் கவுன்சில் ஆயிற்று. இன்றைய கலை மன்றமே ஒரு நெருக்கடி கால ஏற்பாட்டின் வாரிசு எனலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. போர்க்காலத்தில் பணம் தரப்பட்டது நடிப்பதற்காக. எனவே நடிகருக்கும் அது கூலியாகப் போனது. 2020-இல் பணம் தரப்பட்டது நடிக்காமல் காத்திருப்பதற்காக. காத்திருக்கும் காலத்துக்குக் கூலி யாருக்கு என்ற கேள்வி முன்பு எழவே இல்லை.

பிற நாடுகள்

பிரான்சில் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு விடை இருந்தது. அங்கே நிகழ்த்துகலைஞர்களுக்கும் மேடைத் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கும் தனி வேலையில்லாக் கால உதவித்தொகை உண்டு. பன்னிரண்டு மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்தவர்கள் அதற்குத் தகுதியுடையோர். அரங்குகள் மூடியபோது அந்த மணி நேரத்தைச் சேர்க்க வழியில்லை. எனவே 2020 மே மாதம் அதிபர் மாக்ரோன், இந்த உதவித்தொகை 2021 ஆகஸ்ட் முடிய நீட்டிக்கப்படும் என்று அறிவித்தார். இந்த ஏற்பாட்டை 'வெற்று ஆண்டு' என்றார்கள். புதிதாக விண்ணப்பமோ, நடுவர் குழுவோ தேவைப்படவில்லை. தேதியை மாற்றினால் போதுமாயிருந்தது. அதுவும் போதவில்லை என்று 2021 மார்ச்சில் பாரிஸ் ஓதேயோன் அரங்கைக் கலைஞர்கள் ஆக்கிரமித்தார்கள். நீட்டிப்பு பிறகு அந்த ஆண்டு முடிவு வரை தள்ளப்பட்டது.

அமெரிக்காவில் 2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்தான சட்டம், மூடிய அரங்குகளுக்கு 1,500 கோடி டாலரை ஒதுக்கியது. பின்னர் 125 கோடி சேர்ந்தது. 2019 வருவாயில் 45 விழுக்காடு, அதிகபட்சம் ஒரு கோடி டாலர் என்ற எளிய கணக்கு. ஆனால் பொறுப்பு சிறுதொழில் துறையிடம் போனது. 2021 ஏப்ரல் 8 அன்று திறந்த விண்ணப்பத் தளம் அன்றே பழுதாகி மூடப்பட்டு, அம்மாத இறுதியில்தான் மீண்டும் திறந்தது. பணம் பரவலாகக் கைக்கு வரக் கோடைக்காலம் ஆயிற்று. விரைவைப் பொறுத்தவரை பிரிட்டன் எவ்வளவோ மேல்.

மீண்டும் திறப்பு

2020 டிசம்பரில் இலண்டன் அரங்குகள் சில, இடைவெளி விட்ட இருக்கைகளோடு திறந்து, சில நாட்களிலேயே புதிய கட்டுப்பாடுகளால் மூடின. கிறிஸ்துமஸ் காலத்தில் குடும்பங்கள் திரண்டு வரும் 'பாண்டோமைம்' நாடகங்களே பல வெளியூர் அரங்குகளுக்கு ஆண்டு முழுவதற்குமான வருவாயைத் தருபவை. அந்தப் பருவம் கைநழுவிப் போனது. 2021 மார்ச் நிதிநிலை அறிக்கையில் மேலும் 30 கோடி பவுண்டு சேர்க்கப்பட்டு, மொத்த நிதி 200 கோடியை நெருங்கியது. மே 17 முதல் பாதி இருக்கைகளோடும், ஜூலை 19 முதல் கட்டுப்பாடின்றியும் அரங்குகள் திறந்தன. நிகழ்ச்சி திடீரென ரத்தானால் ஈடு தரும் அரசு ஆதரவுக் காப்பீட்டுத் திட்டம், தயாரிப்பாளர்கள் ஓராண்டுக்கும் மேலாகக் கேட்டு, ஆகஸ்டில்தான் அறிவிக்கப்பட்டது.

மொத்தம் ஏறத்தாழ 5,000 அமைப்புகள் இங்கிலாந்தில் இந்நிதியால் பயன்பெற்றன. பலரும் அஞ்சியபடி அரங்குகள் வரிசையாக நொடித்துப் போகவில்லை. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2021 ஜூன் அறிக்கையில் பண்பாட்டுத் துறை விரைந்து செயல்பட்டதை ஏற்றுக்கொண்டது. நிகழ்ச்சிகளுக்குக் காப்பீடு இல்லாமையையும், சுயதொழில் கலைஞர்களும் ஒலி, ஒளிக் கருவி வழங்கும் நிறுவனங்களும் உதவிக்கு வெளியே நின்றதையும் குறையாகச் சுட்டியது. திறந்த அரங்குகள் பலவற்றில் அனுபவமுள்ள மேடைப் பணியாளர்கள் கிடைப்பது அரிதாயிருந்தது. போனவர்களில் பலர் வேறு தொழிலில் நிலைத்துவிட்டார்கள்.

அயர்லாந்து குடியரசு 2020-இலேயே அமைத்த கலை மீட்புக் குழுவின் பரிந்துரைப்படி, 2022-இல் ஒரு சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. 9,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். தகுதியுடையோரிலிருந்து 2,000 கலைஞர்களும் கலைப் பணியாளர்களும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுக்கு மூன்று ஆண்டுகள், வாரம் 325 யூரோ. விண்ணப்பத்தில் எந்த அரங்கின் பெயரையும் எழுத வேண்டியதில்லை.